வலது பக்கப் பாக்கெட்

மார்ச் 1

சம்பந்தி அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல்னு எல்லாம் எழுத மாட்டேன். நீங்க நல்லாத்தான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க மக உங்களோட போன்ல பேசும்போது நான் பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்துலயேதான் உக்காந்திருப்பேன்.

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி சாப்பாட்டு மேசையில கையைக் கூடக் கழுவாம எழுந்து நின்னு, இனிமே உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சொன்னேன். நீங்களும் அதையேதான் சொன்னீங்க. பேச மாட்டேன்னுதான் சொன்னேன், எழுத மாட்டேன்னு சொல்லலை. அதனால வாக்கு தவறினவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க.

விஷயம் நம்ம பேத்தியைப் பத்தினது. என் பையனுக்கும் உங்க பொண்ணுக்கும் பொறந்த அந்த வாலு, படம் எடுக்கற படிப்புல கடைசி வருஷத்துக்கு வந்துட்டா. பரீட்சைக்குப் பதிலா ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்துக் குடுக்கணும். கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் பாடியிருக்கான், ஒரு பொண்ணு டியூன் போட்டிருக்கா, படம் பிடிச்சு வெட்டி ஒட்டறது நம்மாளு. கதை என்னன்னா, சண்டை போட்டுப் பிரிஞ்ச ரெண்டு கிழவனுங்க எதிர் எதிரே உக்காந்து டீ குடிச்சு ராசியாகறாங்க. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கேன்னேன். "முழுக்க கற்பனை தாத்தா"ங்கறா, கண்ணைக் கூட சிமிட்டாம.

நம்ம ரெண்டு பேரையும் ஒரே இடத்துல உக்கார வைக்க முடியாதுன்னு அவளுக்குத் தெரியும். அதான் என்னை இங்க வீட்டுல தனியா எடுத்தா, உங்க ஊருக்கு வந்து உங்களைக் கடையில தனியா எடுத்தா. நான் ஒரு பக்கம் பாத்து சிரிக்கணும், வெட்டு, நீங்க இந்தப் பக்கம் பாத்து முறைக்கணும். பாக்கறவங்க நம்ம ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி உக்காந்திருக்கோம்னு நம்பிடுவாங்களாம். ஊரை ஏமாத்த எவ்வளவு சுலபமான வழி பாத்தீங்களா? இது தெரியாம நான் எழுபது வயசு வரைக்கும் நாணயமா இருந்துட்டேன்.

நேத்து கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினா. நான் வலது பக்கம் பாத்து சிரிக்கறேன். வெட்டு. நீங்களும் வலது பக்கம் பாத்து முறைக்கறீங்க! வராத பஸ்ஸை ரெண்டு பேர் பாத்துக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு. உங்க கடை ஜன்னல் வெளிச்சம் மூஞ்சியில விழட்டும்னு நாற்காலியைத் திருப்பிப் போட்டாளாம், அந்த அவசரத்துல பக்கம் மாறிப்போச்சு. பேசற ரெண்டு பேருக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத கோடு ஒண்ணு இருக்காம், கேமரா அதைத் தாண்டக் கூடாதாம். தாண்டிட்டா.

திரும்ப எடுக்கலாம்னா காலேஜ் கேமரா அடுத்த கோஷ்டி கைக்குப் போயிடுச்சு. வாத்தியார் பாத்துட்டு, "இந்தப் பெரியவங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்லையே, அப்புறம் எப்படி ராசியாவாங்க? இதை சரி பண்ணிக் குடு, இல்லேன்னா அடுத்த வருஷம் புதுசா எடு"ன்னுட்டாராம். இருபத்தஞ்சாம் தேதி கெடு.

நம்மாளு லேசுப்பட்டவ இல்லை. ஒரு பட்டனைத் தட்டினா, கண்ணாடியில பாக்கற மாதிரி நீங்க அப்படியே இடம் வலமாத் திரும்பிட்டீங்க. இப்ப என்னைப் பாத்துத்தான் முறைக்கறீங்க. எல்லாம் சரியாயிடுச்சு, ஒண்ணைத் தவிர. உங்க சட்டைப் பாக்கெட் வலது பக்கம் போயிடுச்சு. பொத்தான் வரிசையும் மாறி, பொம்பளைங்க சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்கீங்க. சிரிச்ச சிரிப்புல குடிச்ச டீ மூக்கு வழியா வந்துடுச்சு.

உங்க போனுக்கும் அனுப்பறேன்னா. பாத்ததும் மயக்கம் போட்டு விழாம இருக்கணுமேன்னுதான் முன்கூட்டியே எழுதறேன். நல்ல மனசு எனக்கு.

இப்படிக்கு,
பெயின்டர்


மார்ச் 4

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்பு மையில் கோடு போட ஆரம்பித்தேன். பேனா தீர்ந்துவிடும் போலிருந்தது, நிறுத்திக்கொண்டேன். ஊர் முழுக்கப் பெயர்ப்பலகை எழுதிய கை இது என்பதை நினைத்தால் ஊர்க்காரர்கள் மேல் பரிதாபம் வருகிறது.

வீடியோவைப் பார்த்தேன். அது நான் தைத்து நானே போட்டுக்கொண்ட சட்டை. பேத்தி படம் எடுக்க வருகிறாள் என்று தெரிந்ததும் புதிதாகத் துணி எடுத்துத் தைத்தது. ஆண்கள் சட்டையில் இடது பக்கம் மேலே வரும், பாக்கெட் இடது நெஞ்சில் இருக்கும். தையல் மெஷினில் கால் வைத்த முதல் நாளே எவனும் கற்றுக்கொள்கிற விஷயம் இது. அந்த வீடியோவில் நான் என்ன வேலை செய்கிறவனாகக் காட்டப்படுகிறேன்? தையல்காரனாக. தையல்காரன் தன் சட்டையையே தலைகீழாகத் தைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதைப் பார்த்தவன் என் கடைக்கு அளவு கொடுக்க வருவானா?

ஆகவே என்னைத் திருப்பக் கூடாது. திருப்பியே ஆகவேண்டும் என்றால் உங்களைத் திருப்பட்டும். உங்கள் முகம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான்.

நீங்கள் அந்தச் சாப்பாட்டு மேசையை நினைவுபடுத்தியதால் நானும் ஒன்று சொல்கிறேன். படம் எடுக்கிற படிப்பு வேண்டாம் என்று நான் சொன்னது, அவள் நாளைக்கு எதை வைத்துப் பிழைப்பாள் என்ற கவலையில். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நீங்க துணி வெட்டறீங்க, அவ படம் வெட்டப் போறா. ஆனா அவ வெட்டு உங்க வெட்டு மாதிரி கோணலா இருக்காது." என் மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் இருக்கும்போது சொன்னீர்கள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தீர்கள்.

என்னை நீங்கள் கஞ்சன் என்று சொல்லியிருக்கலாம், முன்கோபி என்று சொல்லியிருக்கலாம். பொறுத்துக்கொண்டிருப்பேன். கோணல் வெட்டு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இப்படிக்கு,
டெய்லர்


மார்ச் 8

சம்பந்திக்கு,

நான் எழுதற எழுத்து அழகா இருக்கும்னு மட்டும்தான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். சரியா இருக்கும்னு யாருக்கும் வாக்குக் குடுத்ததில்லை.

நீங்க சொன்னபடியே என்னைத் திருப்பிப் பாத்தா. பாத்ததும் எனக்கு வேர்த்துடுச்சு. நான் உக்காந்திருந்த இடத்துக்குப் பின்னாடி என் பலகை மாட்டியிருக்கு, "இங்கு அழகாக எழுதித் தரப்படும்"னு. திருப்பினதும் அது எந்த நாட்டு எழுத்துன்னே தெரியலை. எழுத்து எல்லாம் வால் மாறி, கொம்பு மாறி, பாம்புப் புத்துல கல்லெறிஞ்ச மாதிரி கெடக்கு. அதுக்கு முன்னாடி நான் பெருமையா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்! உங்க பாக்கெட்டை எவன் கவனிப்பான்? என் பலகையைப் பாக்காம இருக்க முடியுமா? நான் ஒத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். உங்களையே திருப்பச் சொன்னேன். நீங்க போன்ல கத்தினது ஸ்பீக்கர் போடாமயே எனக்குக் கேட்டுச்சு.

மத்த வேலை எல்லாம் அவ நல்லாத்தான் செஞ்சிருக்கா, அதைச் சொல்லணும். தாளத்துல அடி விழற இடத்துல வெட்டறா. எல்லா அடியிலயும் வெட்டினா பாக்கறவனுக்குத் தலை சுத்துமாம், அதனால சிலதை விட்டுட்டு வெட்டறா. பாட்டுக்கு வாயசைக்கற இடத்துல நான் ஒரு வார்த்தையை முழுங்கிட்டேன். அந்த இடத்துல டீ கிளாஸ்லேர்ந்து ஆவி போறதைக் காட்டி என் வாயை மூடிட்டா. கிழிஞ்ச இடத்துல நீங்க ஒட்டு போடுவீங்களே, அந்த மாதிரி. இந்த ஒட்டு மட்டும் எனக்கு முன்னாடியே கெடைச்சிருந்தா எத்தனையோ வம்புல மாட்டாம இருந்திருப்பேன்.

உங்க கடை ட்யூப்லைட்டுல நீங்க நீலமா இருக்கீங்க, எங்க வீட்டு பல்புல நான் மஞ்சளா இருக்கேன். ரெண்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்தா. என்னை உங்க பக்கம் கொஞ்சம் இழுத்ததுல காய்ச்சல்காரன் மாதிரி ஆயிட்டேன், பரவாயில்லை.

ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் எடுக்க ஆரம்பிக்கும்போது அவ கேமரா முன்னாடி ஒரு கை தட்டுவாளே, அது பாட்டையும் வாயையும் அப்புறமா ஒண்ணு சேக்கறதுக்கு அடையாளமாம். நீங்க உங்களைப் பாராட்டறான்னு நெனச்சு ஒவ்வொரு தடவையும் எழுந்து கும்பிட்டீங்களாமே? அதை ஒரு துண்டா வெட்டி தனியா வச்சிருக்கா. மனசு சரியில்லாதப்பல்லாம் நான் அதைப் போடச் சொல்லிப் பாக்கறேன்.

ஆனா நேத்து அதைப் பாத்தும் சிரிப்பு வரலை.

நீங்களும் மாட்டேன், நானும் மாட்டேன்னதும் அவ கம்ப்யூட்டரை மூடிட்டு ரூமுக்குள்ள போயிட்டா. சாப்பிட வரலை. கதவுக்கு வெளியில நின்னு நான் எனக்குத் தெரிஞ்ச கோமாளித்தனம் எல்லாம் பண்ணினேன், கதவு தொறக்கலை. அப்பதான் உங்க மக சமையல்கட்டுலேர்ந்து வந்து சொன்னா. "மாமா, அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், உங்ககிட்டயும் சொல்றேன். மூணு வருஷமா உங்க ரெண்டு பேரையும் நான் தனித்தனியாத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். வெட்டி ஒட்டியாவது ஒண்ணாப் பாக்கலாம்னு அவ நெனச்சா. அதுவும் வேண்டாம்னா விட்டுடுங்க."

சத்தம் போட்டு சொல்லியிருந்தா சமாளிச்சிருப்பேன். மெதுவா சொன்னா. நீங்க வளத்த பொண்ணு, உங்களுக்குத் தெரியும்.

பெயின்டர்


மார்ச் 12

சம்பந்திக்கு,

உங்ககிட்டேயிருந்து பதில் வரலை. வரும்னு காத்துக்கிட்டு இருந்தா கெடு போயிடும். அதனால நானே ஒரு காரியம் பண்ணிட்டேன். பேத்திக்கு இன்னும் தெரியாது. காலேஜ் விட்டு வந்து பாத்துக்கட்டும்.

என் பலகையைக் கழட்டி, அதே அளவுல இன்னொரு பலகை எடுத்து, அதே வாசகத்தைத் திருப்பி எழுதினேன். கண்ணாடியில பாத்தா எப்படித் தெரியுமோ அப்படி. புரியுதா? நான் திருப்பி எழுதி வச்சு, அவ என்னைத் திருப்பினா, எழுத்து நேரா வந்துடும்! இந்த யோசனை குளிக்கும்போது வந்துச்சு. துண்டோட ஓடி வந்துட்டேன்.

எழுதறது லேசா இல்லை. கை அதும்பாட்டுக்குப் பழகின பக்கமே போகுது. 'ழ' இருக்கே, அதை நேரா எழுதவே நான் திண்டாடுவேன், திருப்பி எழுதறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. வாசல்ல வச்சுத்தான் எழுதினேன். போற வர்றவங்க நின்னு பாத்துட்டு, பெரியவருக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு உங்க மககிட்ட வந்து சொல்லிட்டுப் போனாங்க. அவளுக்கே கொஞ்சம் பயம் வந்துடுச்சுன்னு நெனைக்கறேன், மெதுவா வந்து என் நெத்தியைத் தொட்டுப் பாத்தா.

அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். அவதான் போன்ல எடுத்தா. பாக்கெட் இல்லாத பனியன் போட்டுக்கிட்டேன், கடிகாரத்தை வலது கைக்கு மாத்திக்கிட்டேன். விழுந்த பல்லை மட்டும் அந்தப் பக்கம் மாத்த முடியலை. போன தடவை மாதிரியே வலது பக்கம் பாத்து அதே சிரிப்பு சிரிச்சேன். பேத்திக்கு அனுப்பி, "டெய்லர் தாத்தாவை விட்டுடு, என்னைத் திருப்பு"ன்னு ஒரு வரியும் போடச் சொல்லிட்டேன்.

ஆக, உங்க பாக்கெட் உங்க நெஞ்சுலயே இருக்கட்டும். ரொம்ப சந்தோஷப்படாதீங்க. உங்களுக்காகப் பண்ணலை. உங்க மக அப்படி மெதுவாப் பேசறதை இன்னொரு தடவை கேக்க எனக்குத் தெம்பு இல்லை.

பெயின்டர்


மார்ச் 12

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

பாப்பா சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்த அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு முடிவு எடுத்துச் செய்தும் முடித்துவிட்டேன். அதே துணியில் மீதி இருந்தது. இடம் வலம் மாற்றி ஒரு சட்டை தைத்திருக்கிறேன். பாக்கெட் வலது நெஞ்சில், பொத்தான்கள் இடது பக்கம், வலது பக்கம் மேலே வருகிறது. இதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பாப்பா என்னைத் திருப்பினால், திரையில் ஒழுங்கான ஆண்கள் சட்டையாகத் தெரியும்.

சாக்குக்கட்டியால் கோடு போட்டபோது கை நின்றுவிட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பழகிய கை தப்பு என்று சொல்வதைத் தப்பில்லை என்று சொல்லி வெட்ட வேண்டியிருந்தது. நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இது கோணல் வெட்டு இல்லை, திருப்பு வெட்டு.

பக்கத்து ஜெராக்ஸ் கடை அம்மாள் போனில் எடுத்துக் கொடுத்தார். பொத்தானைத் தப்பான பக்கம் போட்டிருக்கிறீர்களே என்று அவர் கேட்டார். படத்துக்காக என்றேன். "எந்தப் படத்துலங்க பொம்பளை வேஷம்?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாளிடம் இனி ஜெராக்ஸ் எடுக்கப் போவதாக இல்லை.

முதலில் பார்த்த அதே வலது பக்கமே பார்த்து, அதே மாதிரி முறைத்திருக்கிறேன். பாப்பாவுக்கு அனுப்பியாயிற்று. "பெயின்டர் தாத்தாவை ஒன்றும் செய்ய வேண்டாம், என்னைத் திருப்பு" என்று எழுதியிருக்கிறேன். உங்கள் பலகை பத்திரமாக இருக்கும்.

கை தட்டியது பாராட்டு என்று நான் நினைக்கவில்லை. எழுந்து நின்றது கால் மரத்துப்போனதால்.

டெய்லர்


மார்ச் 16

சம்பந்தி! சம்பந்தி!

உங்க லெட்டர் இன்னைக்குத்தான் வந்துச்சு. ஒரே நாள்ல எழுதியிருக்கோம். நீங்க என் லெட்டரைப் படிச்சுட்டு எந்த நிலைமையில இருக்கீங்கன்னு தெரியலை. நான் நாலு நாளாவே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

வாலு ரெண்டு வீடியோவையும் திறந்தா. நீங்களும் "என்னைத் திருப்பு"ன்னு போட்டிருக்கீங்க, நானும் "என்னைத் திருப்பு"ன்னு போட்டிருக்கேன். தட்டு, தட்டுன்னு ரெண்டையும் திருப்பினா. உங்க பாக்கெட் ஜம்முனு இடது பக்கம் வந்து உக்காந்துச்சு. என் பலகை முத்து முத்தா நேரா வந்துச்சு. ரெண்டு பேரும் அட்டகாசமா இடது பக்கம் பாத்துக்கிட்டு இருக்கோம்!

ரெண்டு பேரும்! இப்ப பஸ் அந்தப் பக்கத்துலேர்ந்து வரணும்!

வீட்டுல ஒருத்தருக்கும் மூச்சு வரலை. என் பையன் தரையில உக்காந்துட்டான். உங்க மக முந்தானையால கண்ணைத் தொடைக்கறா, சிரிக்கறாளா அழறாளான்னே தெரியலை. எல்லாம் அடங்கினதும் வாலு ஒரு கேள்வி கேட்டா பாருங்க.

"பெயின்டர் தாத்தா, போன்ல புதுசா எடுக்கறதுன்னா, பலகையும் சட்டையும் எதுக்கு? நாற்காலியில அந்தப் பக்கம் திரும்பி உக்காந்தாலே போதுமே?"

சம்பந்தி, அந்தக் கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருந்தா எழுதுங்க. திருப்பி எழுத கண்ணாடி வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு என்ன! நாற்காலியைத் திருப்பணும்னு எனக்கும் தோணலை, பெரிய டெய்லர், உங்களுக்கும் தோணலை, பக்கத்துல நின்னு எடுத்த உங்க மகளுக்கும் தோணலை. குடும்பமே நல்ல குடும்பம்.

"இப்பவே திரும்பி உக்காரறேன், எடு"ன்னேன். அவ காதுல வாங்கலை. கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் சொன்னா, "வேண்டாம் தாத்தா. எல்லாமே எனக்கு வேணும்." உங்க திருப்பின சட்டையையும் என் பழைய பலகையையும் எடுத்து ஒட்டினா. நீங்க இடது, நான் வலது, மூஞ்சிக்கு மூஞ்சி. அது பாட்டோட முதல் பாதி, சண்டை. பின்னாடி பாதிக்கு ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாக்கற துண்டுங்களை எடுத்து வச்சா. ஒரே பக்கம் பாத்தா எதிர் எதிரே இல்லை, பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒரே வேடிக்கையைப் பாக்கறாங்கன்னு அர்த்தமாம். "இது முதல்லயே இருந்துச்சு தாத்தா, நான்தான் உங்களை எதிர் எதிரே உக்கார வைக்கணும்னே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்"னா.

அப்பதான் விஷயத்துக்கு வந்தா. நம்ம ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கோம்னு ஜனங்க நம்பணும்னா, ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல இருக்கற மாதிரி ஒரே ஒரு ஷாட் வேணும். நெசமா. அதை வெட்டி ஒட்ட முடியாது. அது இல்லேன்னா மறுபடியும் பஸ் ஸ்டாப்புதான், வாத்தியாரும் மறுபடி அதையேதான் சொல்வாரு, ஒரு வருஷமும் போகும்.

உங்ககிட்ட கேக்க அவளுக்கு பயம். போன் போட்டுப் பேசிட்டு, கேக்காமயே வச்சுட்டா. அதான் நான் கேக்கறேன்.

எங்க வீட்டுக்கு வர வேண்டாம்னா வேண்டாம். தெருக்கோடியில பார்க் இருக்கு, அங்க பெஞ்சு இருக்கு. முதுகுப் பக்கத்துலேர்ந்துதான் எடுக்கப் போறா. முதுகுல பாக்கெட் இல்லை, பொத்தான் இல்லை. எப்படித் திருப்பினாலும் முதுகு முதுகுதான். என்கிட்ட பேசவும் வேண்டாம், மேல பாட்டு ஓடும்.

வாங்க.

பெயின்டர்


மார்ச் 19

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

நாற்காலி விஷயத்தை வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தபோது வாயில் வைத்திருந்த ஊசியை எங்கே விட்டேன் என்று தெரியாமல் கடையைப் பெருக்கித் தேட வேண்டியதாகிவிட்டது.

சனிக்கிழமை காலை வருகிறேன். பார்க்குக்கு நேராக வந்துவிடுவேன். பேசுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதுகுக்குப் பாக்கெட் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதுகில் மடிப்பு உண்டு, தோள் தையல் உண்டு, காலர் உண்டு. தெரிந்தவன் முதுகைத்தான் முதலில் பார்ப்பான். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

டெய்லர்


ஏப்ரல் 2

சம்பந்திக்கு,

பாஸ்!

பெரிய எழுத்துல எழுதியிருக்கேன், பிழை இருக்கான்னு பாத்துக்கோங்க.

நேத்து காலேஜ் ஹால்ல எல்லா வீடியோவையும் போட்டாங்க. வீட்டோட போயிருந்தோம். நீங்க மெஷின்ல அவசர வேலை இருக்குன்னு வரலை. இருக்கட்டும், எனக்குப் பக்கத்துல உங்களுக்குன்னு வச்சிருந்த நாற்காலியில நான் காலை நீட்டிக்கிட்டேன்.

விளக்கை அணைச்சாங்க. திரையில என் மூஞ்சி வீட்டுக் கதவு அளவுக்கு வந்துச்சு. நான் சிரிக்கறேன், வெட்டு, நீங்க முறைக்கறீங்க, வெட்டு, நான் அதுக்கும் சிரிக்கறேன். தாளம் கரெக்டா விழுது. நீங்க முறைக்கற ஒவ்வொரு தடவையும் ஹாலே சிரிக்குது. உங்க பாக்கெட் இடது பக்கம்தான் இருந்துச்சு, நான் பாத்துட்டேன்.

அப்புறம் பின்னாடி பாதி. நம்ம ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாக்கறோம். எனக்குத் திக்குனு ஆயிடுச்சு, யாராவது பஸ் எங்கேன்னு கேட்டுடுவாங்களோன்னு. சரியா அந்த இடத்துல முதுகு வந்துச்சு. பார்க் பெஞ்சு. ரெண்டு முதுகு. நடுவுல இன்னொரு ஆள் உக்காரற அளவுக்கு இடைவெளி. பெஞ்சோட அந்த ஓரத்துக்குப் போய் உக்காந்தீங்களே, விழுந்துடப் போறீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்.

அது வரைக்கும் தாளத்துக்குத் தாளம் வெட்டிக்கிட்டு வந்தவ, அந்த இடத்துல வெட்டவே இல்லை. ஒரு அடி விழுது, வெட்டலை. இன்னொரு அடி, வெட்டலை. நான் நாற்காலி நுனிக்கு வந்துட்டேன். திரையில உங்க கை மெதுவா வந்து என் காலரைப் பிடிச்சு இழுத்து சரி பண்ணுது. பண்ணிட்டு கையை எடுத்துக்கலை. தோள் மேலயே வச்சுக்கறீங்க. பாட்டு முடியுது. பாட்டு முடிஞ்சும் அந்த ரெண்டு முதுகும் அப்படியே இருக்கு, அப்புறம்தான் திரை இருட்டாச்சு.

கைதட்டல் கேட்டுச்சு. உங்களை மாதிரியே நானும் எழுந்து கும்பிட்டேன்.

வாத்தியார் வந்து, அந்தக் காலர் இடத்தை நடிக்கச் சொன்னியான்னு அவகிட்ட கேட்டாரு. "இல்லை சார், அவங்களா பண்ணினது"ன்னா. ஏன்டி அங்க வெட்டலைன்னு வர்ற வழியில நான் கேட்டேன். "கை வரலை தாத்தா"ன்னா. உங்க மக முன்னாடி நடந்து போய்க்கிட்டு இருந்தா, திரும்பிப் பாக்கலை. ஆனா வீட்டுக்கு வந்து அவ சமைக்கும்போது பாடினா. அவளுக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாது. வரலை, ஆனா பாடினா.

சம்பந்தி, மூணு வருஷம் பேசாம இருந்த மனுஷன் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "காலர் கோணலா இருக்கு"ங்கறதா? நான் என்னென்னவோ எதிர்பாத்தேன். எனக்கு சிரிப்பை அடக்கத் தெரியாம தோள் குலுங்கிடுச்சு. படத்துல பாத்தவங்க எல்லாம் நான் அழுததா நெனச்சுக்கிட்டு இருக்காங்க. நான் அப்படியே விட்டுட்டேன்.

பார்க்ல எடுத்த அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போகும்போது அந்தத் திருப்பு சட்டையை எனக்குக் குடுத்துட்டுப் போனீங்களே, இப்ப அதைத்தான் போட்டுக்கிட்டு திரியறேன். டீக்கடையில காசை எடுக்க கை இடது நெஞ்சைத் தடவுது, அங்க ஒண்ணும் இல்லை. கடைக்காரன் எனக்கு நெஞ்சுவலின்னு பயந்துட்டான். தோள்லேர்ந்து கை வரைக்கும் தையலைத் தடவித் தடவிப் பாத்தேன். ஒரு இடத்துலயும் கோணல் இல்லை. இதை நான் எழுத்துல குடுக்கறேன், பத்திரமா வச்சுக்கோங்க, இன்னொரு தடவை கேட்டா குடுக்க மாட்டேன்.

என் திருப்பு பலகையை வாசல்ல மாட்டிட்டேன். வீட்டைத் தாண்டிப் போற வண்டிக்காரங்க வண்டிக் கண்ணாடியில பாத்தா சரியாத் தெரியும்.

பெயின்டர்


ஏப்ரல் 6

சம்பந்திக்கு,

பாப்பா வீடியோவை அனுப்பினாள். ஜெராக்ஸ் கடை அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாக்கெட்டைக் கவனிக்கச் சொன்னேன். அவர் பாக்கெட்டைப் பார்க்கவில்லை. கடைசி இடம் வந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு எடுத்த ஜெராக்ஸுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் படிப்பு பாப்பாவுக்குச் சரியானதுதான். எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் நிறையப் பேரை நான் பார்த்திருக்கிறேன். துணியில் கத்தரி வைத்த பிறகு வெட்டாமல் எடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அவளிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பேச மாட்டேன் என்று சொன்னவன் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வண்டியில் வரும் வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் ஒன்றும் தோன்றவில்லை.

அன்று உங்கள் காலர் நேராகத்தான் இருந்தது.

டெய்லர்


ஏப்ரல் 9

சம்பந்தி,

தெரியும். நீங்க முதுகைப் பாப்பீங்கன்னு எழுதினதால கண்ணாடி முன்னாடி நின்னு காலரை சரி பண்ணிட்டுத்தான் வந்தேன். இருந்தாலும் நீங்க சொன்னப்ப நெசமாத்தான் இருக்குமோன்னு ஒரு சந்தேகம். கண்ணாடியில பாத்தது திருப்பின காலர்தானே?

பெயின்டர்